டிரைவர் ஹெல்ப்பர்களை ஒன்றாக்குவது: பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஐந்து ஃபங்ஷன்கள் ஒன்றுதானா?

#1 குட்டிக்கர்னல்

லினக்ஸ் டிரைவர். ஒரே சிப் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளுக்கு மூன்று சி ஃபைல். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே ஹெல்ப்பர்கள்தான் (சின்ன உதவி ஃபங்ஷன்கள்): சிப் தயார் என்று சொல்லும் ரெடி பிட் வரும்வரை காத்திருப்பது, ரெஜிஸ்டரில் (சிப்பின் கட்டுப்பாட்டு, நிலை மதிப்புகள் இருக்கும் இடம்) சில பிட்டை மட்டும் மாற்றுவது, சிப்பை ரீசெட் செய்வது, இன்டரப்ட் ஸ்டேட்டஸைப் படித்து அழிப்பது. ரெடி பிட்டுக்கு மட்டும் ஐந்து பிரதி இருக்கு.

எல்லாவற்றையும் ஒரு காமன் ஃபைலுக்குக் கொண்டுபோய், கையால் எழுதின லூப்புகளை ரீட்எல்_போல்_டைம்அவுட்டுக்கு (பிட் வரும்வரை அல்லது நேரம் முடியும்வரை திரும்பத் திரும்பப் படிக்கும் கர்னல் மேக்ரோ) மாற்றுவது திட்டம். சுமார் 400 வரி குறையும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? எங்கே அடி விழும்?

#2 பிட்மாஸ்க்

வெட்டி ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த ஐந்தையும் வரிசையா வெச்சு ஒரு தாள்ல எழுதுங்க. யார் கூப்பிடுறாங்க, அப்போ எந்த லாக் கையில இருக்கு, மொத்தம் எவ்வளவு நேரம் காத்திருக்கு, முதல் ரீடுக்கு முன்னாடி டிலே இருக்கா பின்னாடி இருக்கா, தோத்தா என்ன திருப்பித் தருது. இந்த ஐந்தும் ஒத்துப்போற பிரதிகளை மட்டும்தான் ஒண்ணாக்க முடியும். பேர் ஒண்ணா இருக்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

முதல்ல கான்டெக்ஸ்ட், அதாவது கோடு எந்தச் சூழல்ல ஓடுதுங்கிறது. ரீட்எல்_போல்_டைம்அவுட் உள்ளே யூஸ்லீப்_ரேஞ்ச் போகும், அதாவது தூங்கும். ஸ்பின்லாக் (தூங்காம சுத்திக்கிட்டே காத்திருக்குற லாக்) பிடிச்சிருக்கும்போதோ ஹார்டு ஐஆர்க்யூ (இன்டரப்ட்) ஹேண்ட்லர்லயோ, அதாவது தூங்கக் கூடாத இடத்துல, கூப்பிட்டா கதை முடிஞ்சது. அங்கே அட்டாமிக் வகைதான் வேணும், அது யூடிலே (தூங்காம காத்திருக்குறது) போட்டு சுத்தும். தூங்குற வகைக்கு இடைவெளி 20 மில்லிசெகண்டுக்குள்ள, அட்டாமிக் வகைக்கு 10 மைக்ரோசெகண்டுக்குள்ள இருக்கணும்னு ஹெடர்லயே எழுதியிருக்கு.

டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் கான்ஃபிக்கை ஆன் பண்ணாம டெஸ்ட் பண்ணாதீங்க. பிட் முதல் ரீட்லயே வந்துட்டா ஃபங்ஷன் தூங்காமலே திரும்பிடும். டெஸ்ட் மேசையில எல்லாம் ஓடும், லோடு ஏறினாத்தான் வெடிக்கும். அந்த கான்ஃபிக் இருந்தா தூங்காட்டியும் வார்னிங் வரும். ஒரே விதிவிலக்கு, இடைவெளியை 0 கொடுத்தா அந்தச் சோதனையே நடக்காது.

#3 எம்எம்ஐஓ_மணி

மேலே சொன்ன ‘டிலே முன்னாடியா பின்னாடியா’ என்பதைக் கொஞ்சம் விரிக்கிறேன். அதிகம் பேர் விழுவது இங்கேதான்.

கையால் எழுதின லூப் இப்படி இருக்கும்: கமாண்ட் ரெஜிஸ்டரில் எழுது, 5 மைக்ரோசெகண்ட் யூடிலே, பிறகு ரெடி பிட்டைப் படி, வரவில்லை என்றால் மறுபடி யூடிலே. ரீட்எல்_போல்_டைம்அவுட் அப்படியில்லை. அது எடுத்த எடுப்பில் படித்துவிடும். பல சிப்புகளில் கமாண்ட் போய்ச் சேர்ந்த பிறகும் சில கிளாக் சைக்கிளுக்கு ரெடி பிட் பழைய 1-லேயே நிற்கும், பிறகுதான் 0-க்கு இறங்கி வேலை முடிந்ததும் 1-க்கு ஏறும். மாற்றிய கோடு அந்தப் பழைய 1-ஐப் பார்த்து ‘முடிந்தது’ என்று திரும்பிவிடும். அடுத்த கமாண்ட் பாதி முடிந்த வேலையின் தலையில் விழும்.

இதற்கு வழி இருக்கிறது. கீழ்மட்டத்தில் உள்ள ரீட்_போல்_டைம்அவுட்டில் ஸ்லீப்_பிஃபோர்_ரீட் என்று ஒரு ஆர்குமென்ட் உண்டு, அதை ட்ரூ என்று கொடுத்தால் முதலில் காத்துவிட்டுப் படிக்கும். ரீட்எல் வகை மேக்ரோ அதை எப்போதும் ஃபால்ஸாகவே அனுப்புகிறது.

இன்னொன்று: நீங்கள் 100 என்று கொடுத்தால் 100 மைக்ரோசெகண்ட் தூங்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளே அதில் கால் பங்கு கூட்டல் 1 முதல் முழு அளவு வரை என்று ரேஞ்ச் போகிறது, அதாவது 26 முதல் 100 வரை. இரண்டு படிப்புக்கு நடுவே இவ்வளவு இடைவெளி கட்டாயம் என்று டேட்டாஷீட் சொன்னால் இந்த மேக்ரோ அதற்கு உத்தரவாதம் தராது.

#4 நள்ளிரவு_பில்டு

> ரெடி பிட்டுக்கு மட்டும் ஐந்து பிரதி

அந்த ஐந்தில் ‘வைல் டைம்அவுட் மைனஸ் மைனஸ்’ என்று ஒரு லூப்பும், அதற்குக் கீழே ‘இஃப் நாட் டைம்அவுட்’ என்று ஒரு செக்கும் இருக்கிறதா பாருங்கள். பந்தயம் கட்டுகிறேன், ஒன்றாவது இருக்கும்.

#5 குட்டிக்கர்னல்

இருக்கு. இரண்டு இடத்தில். 1000-ல் ஆரம்பித்துக் குறைகிறது. என்ன தப்பு?

#6 நள்ளிரவு_பில்டு

கடைசிச் சுற்றை மட்டும் கையால் ஓட்டிப் பாருங்கள். டைம்அவுட் 0 ஆக இருக்கும்போது வைல் கண்டிஷன் பொய்யாகி லூப் முடிகிறது. ஆனால் போஸ்ட் டிக்ரிமென்ட் என்பதால் வெளியே வரும்போது மதிப்பு மைனஸ் 1. கீழே ‘நாட் டைம்அவுட்’ என்று கேட்டால் மைனஸ் 1 பூஜ்யம் இல்லையே, அதனால் எர்ரர் வராது. வேரியபிள் அன்சைன்டாக இருந்தால் மிகப்பெரிய எண்ணாகச் சுற்றிக்கொள்ளும், முடிவு அதேதான். ஆக டைம்அவுட் ஆனாலும் வெற்றி என்று திரும்புகிறது. வேடிக்கை என்னவென்றால், பிட் சரியாக 1000-ஆவது படிப்பில் வந்தால் டைம்அவுட் 0-வாக இருக்கும்போது பிரேக் ஆகும். அப்போது மட்டும் எர்ரர் வரும், அதுவும் ஹார்டுவேர் ஒழுங்காக வேலை செய்தபோது!

இதை மேக்ரோவுக்கு மாற்றினால் பக் தானாகப் போய்விடும். ஆனால் இதுவரை சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்த போர்டுகள் நாளை முதல் ப்ரோபிலேயே (டிரைவர் டிவைஸைத் தொடங்கும் கட்டத்திலேயே) நிற்கும். அவர்கள் பார்வையில் நீங்கள்தான் உடைத்தீர்கள். அதனால் இதை ரீஃபாக்டரிங் பேட்ச்சுக்குள் புதைக்காதீர்கள். தனி பேட்ச், ஃபிக்சஸ் டேக் (எந்தப் பழைய கமிட்டின் பக் என்று சொல்லும் வரி), டைம்அவுட் எண் சரிதானா என்று டேட்டாஷீட்டில் சரிபார்த்த குறிப்பு.

எண் என்றதும் இன்னொன்று. 1000 தடவை சுற்று, ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோசெகண்ட் யூடிலே என்றால் மொத்தம் 1 மில்லிசெகண்ட் இல்லை. படிப்புக்கும் நேரம் ஆகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு அந்தப்பக்கம் இருக்கும் டிவைஸ் என்றால் ஒரு படிப்பே ஒரு மைக்ரோசெகண்டை நெருங்கலாம். பழைய கோடு உண்மையில் காத்தது கிட்டத்தட்ட இரண்டு மில்லிசெகண்ட். அதே 1000-ஐ டைம்அவுட்டாகப் போட்டால் பொறுமையைப் பாதியாகக் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். தாராளமாகவே கொடுங்கள். பிட் சீக்கிரம் வந்தால் சீக்கிரம் திரும்பப் போகிறது, நஷ்டம் ஒன்றுமில்லை.

#7 ரெக்மேப்_ரசிகன்

ஏன் இவ்வளவு சிரமம்? மொத்தத்தையும் ரெக்மேப்புக்கு (ரெஜிஸ்டரைப் படிக்க, எழுத கர்னலே தர்ற பொது லேயர்) மாத்திடுங்க. அப்டேட்_பிட்ஸ், ஃபீல்டு, போல் எல்லாம் ரெடிமேடா இருக்கு. லாக்கும் அதுவே பாத்துக்கும். ஹெல்ப்பரே எழுத வேண்டாம்.

#8 எம்எம்ஐஓ_மணி

ஐ2சி, எஸ்பிஐ (மெதுவான சீரியல் பஸ்) சிப் என்றால் யோசிக்காமல் ஒப்புக்கொள்வேன். எம்எம்ஐஓவுக்கு (ரெஜிஸ்டர்கள் மெமரி முகவரியாகத் தெரியும் வகை) அப்படிச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அணுகலுக்கும் ஒரு லாக், சில இன்டைரக்ட் கால். ப்ரோப், ரீசெட் பாதைகளில் அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டோர்பெல் அடிக்கும் (புது வேலை இருக்கிறது என்று ரெஜிஸ்டரில் எழுதிச் சிப்புக்குச் சொல்லும்) பாதையில் தெரியும். அந்தப் பாதையை மட்டும் நேரடி ரைட்எல்லில் (ரெஜிஸ்டரில் எழுதும் கர்னல் ஃபங்ஷன்; படிப்பது ரீட்எல்) விட்டுவிட்டு மற்றதை ரெக்மேப்புக்கு மாற்றலாம், ஒரே ரெஜிஸ்டரை இரண்டு வழியாகவும் தொடாத வரைக்கும். தொட்டால் ரெக்மேப்பின் லாக் நேரடி எழுத்தைத் தடுக்காது. ஒருவர் படித்து மாற்றி எழுதும் நடுவில் இன்னொருவர் எழுதியது காணாமல் போகும்.

அப்டேட்_பிட்ஸிலும் கண்ணி இருக்கிறது. படித்த மதிப்பும் எழுதப்போகும் மதிப்பும் ஒன்றாக இருந்தால் அது எழுதவே எழுதாது. கன்ட்ரோல் ரெஜிஸ்டருக்கு அது நல்லது. ஆனால் 1-ஐ எழுதுவதே ஒரு கட்டளையாக இருக்கும் டிரிக்கர் பிட், ஏற்கெனவே 1 என்று படிக்கப்பட்டால் இரண்டாவது டிரிக்கர் போகாது. அதற்கு ரெக்மேப்_ரைட்_பிட்ஸ், அது எப்படியும் எழுதும்.

கேஷ் ஆன் செய்திருந்தால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை வாலடைல் (ஒவ்வொரு முறையும் சிப்பிலிருந்தே படிக்க வேண்டியது) என்று குறிக்க மறக்காதீர்கள். மறந்தால் போல் லூப் சிப்பைத் தொடாமல் கேஷையே சுற்றிச்சுற்றிப் படித்து டைம்அவுட் ஆகும். ஃபைஃபோ (முதலில் வந்தது முதலில் வெளியே போகும் வரிசை) டேட்டா ரெஜிஸ்டரையும், படித்தாலே அழியும் ஸ்டேட்டஸையும் ப்ரெஷியஸ் என்று குறிக்கவும். இல்லையென்றால் யாரோ டீபக்எஃப்எஸ்ஸில் (கர்னலின் டீபக் ஃபைல்கள் இருக்கும் இடம்) ரெஜிஸ்டர்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்ததற்கு உங்கள் டிரைவரில் ஒரு இன்டரப்ட் தொலையும்.

#9 பிட்மாஸ்க்

ரெக்மேப்போ சொந்த ஹெல்ப்பரோ, ‘பிட்டை மட்டும் மாத்து’ங்கிற ஃபங்ஷனைக் கண்ட ரெஜிஸ்டர்லயும் உபயோகிக்கிறதுதான் ஆபத்து. இன்டரப்ட் ஸ்டேட்டஸ் பெரும்பாலும் 1 எழுதினா அழியுற வகை. பிட் 3 மட்டும் அழியணும்னு வெச்சுக்கோங்க. படிச்சா பிட் 3, பிட் 7 ரெண்டும் 1. ஹெல்ப்பர் என்ன பண்ணும்? படிச்ச மதிப்புல பிட் 3-ஐ ஓஆர் பண்ணி மொத்தத்தையும் திருப்பி எழுதும். பிட் 7-ம் சேர்ந்து அழிஞ்சுது. அதை யாரும் இன்னும் கவனிக்கவே இல்லை. பிட் 7 டிஎம்ஏ (சிப்பே நேரா மெமரில டேட்டா நகர்த்துறது) முடிஞ்ச செய்தியா இருந்தா அந்த டிரான்ஸ்ஃபர் கடைசிவரைக்கும் தொங்கும்.

பழைய கோட்ல அந்த ஒரு இடத்துல மட்டும் நேரடியா ‘பிட் 3-ஐ எழுது’ன்னு இருக்கும். ரீஃபாக்டர் பண்றவர் கண்ணுக்கு அது ‘ஹெல்ப்பர் உபயோகிக்க மறந்த இடம்’ மாதிரித் தெரியும். அழிக்கிறதுக்குத் தனி ஹெல்ப்பர் வெச்சு, பேர்லயே ‘அழி’ன்னு வைங்க. காசிநெல் (சி கோடைத் தானா மாத்துற டூல்) ஸ்கிரிப்ட் எழுதி ஃபைல் ஃபைலா மாத்துறவங்களும் இதைக் கவனிக்கணும். அது சின்டாக்ஸ் பாக்கும், டேட்டாஷீட் படிக்காது.

#10 டிஎம்ஏ_தாத்தா

முக்கியமானதை யாரும் சொல்லவில்லையே. ‘தேவையில்லாத’ ரீட்எல்.

எழுதிய உடனே அதே ரெஜிஸ்டரைப் படித்து, மதிப்பை எங்கேயும் உபயோகிக்காமல் விட்டிருப்பார்கள். டெட் கோடு என்று நீக்கிவிடத் தோன்றும். பிசிஐயில் எழுத்துகள் போஸ்டட். ரைட்எல் திரும்பிவிட்டது என்றால் மதிப்பு டிவைஸைச் சேர்ந்துவிட்டது என்று பொருளில்லை, நடுவில் எங்கேயோ பஃபரில் இருக்கலாம். ரீசெட் பிட்டை எழுதி, 10 மைக்ரோசெகண்ட் யூடிலே, பிறகு ரீசெட் பிட்டை இறக்கு என்று கோடு இருந்தால், முதல் எழுத்து வழியிலேயே 9 மைக்ரோசெகண்ட் தங்கி, இரண்டாவது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரலாம். சிப் பார்த்த ரீசெட் பல்ஸ் 1 மைக்ரோசெகண்ட். நடுவில் அந்தப் படிப்பு இருந்தால் அது முதல் எழுத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டுத்தான் திரும்பும், யூடிலே அதற்குப் பிறகுதான் எண்ண ஆரம்பிக்கும்.

அதே வகையறாதான் ரீட்எல்லும் அதன் ரிலாக்ஸ்டு தம்பியும். ஒரே டிவைஸுக்குள் வரிசை ரிலாக்ஸ்டிலும் காப்பாற்றப்படும். மெமரியோடு உள்ள வரிசைதான் காப்பாற்றப்படாது. மெமரியில் டிஸ்கிரிப்டரை (டிவைஸுக்கான வேலைக் குறிப்பு) நிரப்பிவிட்டு டோர்பெல் அடிக்கும் இடத்தில் ரைட்எல் இருந்தால் அது அங்கே காரணத்தோடு இருக்கிறது. ‘எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்’ என்று காமன் ஹெல்ப்பரை ரிலாக்ஸ்டாக எழுதினால் எக்ஸ்86-ல் ஒன்றும் தெரியாது. ஆர்ம்64-ல் டிவைஸ் பாதி நிரம்பிய டிஸ்கிரிப்டரைப் படிக்கும், அதுவும் எப்போதாவது.

__ரா_ரைட்எல் இருந்தால் இன்னும் பொறுமை. அதில் பேரியரும் (வரிசையைக் காக்கும் தடுப்பு) இல்லை, பைட் மாற்றமும் இல்லை. பிக் எண்டியன் (பெரிய பைட் முதலில் வரும்) மெஷினில் அதை ரைட்எல் ஆக்கினால் மதிப்பே தலைகீழாகும்.

#11 குட்டிக்கர்னல்

அப்படி ஒரு படிப்பு ரீசெட் ஃபங்ஷனில் இருக்கு, கமென்ட் இல்லாமல். நீக்கும் பட்டியலில் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

அடுத்த கேள்வி: ரைட்எல்லைச் சுற்றி டிரைவர் பெயரில் ஒரு ராப்பர் வேணுமா? பேஸ் அட்ரஸும் ஆஃப்செட்டும் கூட்டுவதற்கு மட்டும்.

#12 நள்ளிரவு_பில்டு

வேண்டாம் என்பது என் கட்சி. ரைட்எல்லா ரிலாக்ஸ்டா என்று கூப்பிடும் இடத்திலேயே தெரிய வேண்டும். ராப்பர் அதை மறைக்கிறது.

#13 ரெக்மேப்_ரசிகன்

மூணு தலைமுறையில ரெஜிஸ்டர் ஆஃப்செட் மாறுதுன்னா ராப்பர் இல்லாம எப்படி? வேரியன்ட் ஸ்ட்ரக்ட்ல ஆஃப்செட் டேபிள் வெச்சு, டிவைஸ்_கெட்_மேட்ச்_டேட்டால (இந்தச் சிப்புக்குப் பொருந்துற டேட்டாவைத் தர்ற கர்னல் ஃபங்ஷன்) எடுத்து, ராப்பருக்குள்ள தேடுறதுதான் சுத்தம். இல்லன்னா ஒவ்வொரு இடத்துலயும் ‘வெர்ஷன் 2-ன்னா இது, 3-ன்னா அது’ன்னு இஃப் முளைக்கும்.

#14 நள்ளிரவு_பில்டு

ஆஃப்செட் நிஜமாகவே மாறினால் சரி. வெறும் கூட்டலுக்கு ராப்பர் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இதைவிட மோசமானது பூலியன் ஆர்குமென்ட் சேர்த்துக்கொண்டே போவது. ரீசெட் ஹெல்ப்பருக்கு டிவைஸ், ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ என்று கொடுத்தால் படிப்பவருக்கு என்ன புரியும்? மூன்று ரீசெட்டும் வேறுவேறு வரிசையில் நடக்கிறது என்றால் மூன்று ஃபங்ஷனாகவே இருக்கட்டும். உள்ளே பொதுவாக உள்ள இரண்டு படிகளை மட்டும் சின்ன ஹெல்ப்பர் ஆக்குங்கள். டிரைவர் ஹெல்ப்பரைக் கூப்பிட வேண்டும், ஹெல்ப்பர் டிரைவரைக் கால்பேக்கில் கூப்பிடும் நிலைக்குப் போனால் அது ஹெல்ப்பர் இல்லை, நடுவில் உட்கார்ந்த ஃப்ரேம்வொர்க். நான்காவது சிப் வரும்போது அதற்குள் நுழைய முடியாமல் தவிப்பீர்கள்.

#15 டிஎம்ஏ_தாத்தா

ரிட்டர்ன் மதிப்பையும் பாருங்கள். கர்னல் கோடிங் ஸ்டைல் சொல்வது: பெயர் ஒரு செயலைச் சொன்னால் வெற்றிக்கு 0, தோல்விக்கு நெகட்டிவ் எர்ரர் எண். பெயர் ஒரு கேள்வியாக இருந்தால் பூலியன். ஐந்து பிரதியில் ஒன்று பூலியன் தந்து, ஒன்றாக்கும்போது அதை இன்ட் ஆக்கினால் ‘இஃப் வெயிட்_ரெடி’ என்று எழுதிய அழைப்புகள் அனைத்தும் அர்த்தம் மாறும். கம்பைலர் வாய் திறக்காது. அதனால் சிக்னேச்சர் மாறினால் பெயரையும் மாற்றுங்கள். விட்டுப்போன அழைப்பு பில்டிலேயே சிக்கும்.

யூ32 (32 பிட் அன்சைன்டு எண்) திருப்பித் தரும் ரீட் ஹெல்ப்பருக்குள் எர்ரர் எண்ணைத் திணிக்க வேண்டாம். அன்சைன்டு பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அந்தச் செக் எப்போதும் பொய்தான். மதிப்பைப் பாயின்டர் வழியாகக் கொடுத்து, எர்ரரைத் தனியாகத் திருப்புங்கள்.

#16 பிட்மாஸ்க்

ப்ரோப் பக்கம் மாத்தறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெவ்எம்னு ஆரம்பிக்கிற ஃபங்ஷன்கள், வாங்கினதை டிரைவர் விலகும்போது தானா விடுவிக்கும். டெவ்எம்_ஐஓரீமேப்பை டெவ்எம்_பிளாட்ஃபார்ம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸா மாத்துறது (5.1-ல 2019-ல வந்தது) வெறும் வரி குறைப்புன்னு தோணும். பழையது மேப் மட்டும் பண்ணும். புதுசு அந்த மெமரிப் பகுதியைத் தன் பேர்ல பதிவும் பண்ணும். வேற டிரைவரும் அதே பகுதியைப் பதிஞ்சிருந்தா இபிஸி (ஏற்கெனவே உபயோகத்துல இருக்கு) எர்ரர்ல ப்ரோப் விழும்.

டெவ்எம்மைப் பாதிக்குப் பாதி கலக்கவும் கூடாது. ஐஆர்க்யூவை டெவ்எம்ல வாங்கிட்டு, கிளாக்கை ரிமூவ்ல (டிரைவர் விலகும்போது ஓடுற ஃபங்ஷன்) கையால நிறுத்தினா, ரிமூவ் முடிஞ்ச அப்புறம்தான் ஐஆர்க்யூ விடுபடும். அந்த இடைவெளியில இன்டரப்ட் வந்தா ஹேண்ட்லர் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைத் தொடும். சில எஸ்ஓசில (ஒரே சிப்புக்குள்ள முழு சிஸ்டம்) அது பஸ் எர்ரர், சிலதுல மெஷின் அப்படியே உறைஞ்சுடும். டெவ்எம் தலைகீழ் வரிசையில விடுவிக்கும், அதனால கிளாக்கையும் அதுக்குள்ளயே, ஐஆர்க்யூக்கு முன்னாடியே வாங்கிடுங்க.

#17 நள்ளிரவு_பில்டு

காமன் ஃபைலை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாட்யூலின் மேக்ஃபைல் வரியிலும் ஒரே காமன் ஆப்ஜெக்ட்டைச் சேர்க்காதீர்கள். பில்டில் டபிள்யூ=1 (கூடுதல் வார்னிங்) கொடுத்தால் ‘ஒன்றுக்கு மேற்பட்ட மாட்யூலில் சேர்க்கப்பட்டது’ என்று கேபில்ட் (கர்னலின் பில்டு முறை) வார்னிங் தரும். காமனைத் தனி மாட்யூல் ஆக்கி, கேகான்ஃபிக்கில் (கர்னல் அமைப்புத் தேர்வுகள்) கேள்வி கேட்காத டிரைஸ்டேட் (கர்னலுக்குள், மாட்யூல், இல்லை என்று மூன்று நிலைத் தேர்வு) வைத்து, மூன்று டிரைவரும் அதை செலக்ட் செய்யட்டும். சிம்பலை (மற்ற மாட்யூல்கள் கூப்பிடும் ஃபங்ஷன் பெயரை) நேம்ஸ்பேஸோடு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 6.13 முதல் நேம்ஸ்பேஸ் பெயர் மேற்கோள் குறிக்குள் வர வேண்டும், பழைய கர்னலில் இருந்து காப்பி அடித்தால் பில்டு ஆகாது.

ஒன்றும் மாறவில்லை என்று நிரூபிக்க: ஒரே ஃபைலுக்குள் ஸ்டாட்டிக் ஹெல்ப்பரைப் பிரித்தெடுத்த பேட்ச் என்றால், டீபக் இன்ஃபோ இல்லாமல் முன்னும் பின்னும் கம்பைல் செய்து ஆப்ஜ்டம்ப் மைனஸ் டி (மெஷின் கோடைக் காட்டும் டூல்) கொடுத்து டிஃப் பாருங்கள். கம்பைலர் பெரும்பாலும் இன்லைன் செய்துவிடும், டிஃப் காலியாகவோ அதற்கு அருகிலோ வரும். காலியாக வந்தால் ரிவ்யூவில் வாதமே இல்லை. ஃபைல் தாண்டி நகர்த்தினால் இது உதவாது. அப்போது ரெஜிஸ்டர் டிரேஸ்தான். ரெக்மேப் என்றால் டிரேஸ்பாயின்ட் தயாராகவே இருக்கிறது, எம்எம்ஐஓ என்றால் எக்ஸ்86-ல் எம்எம்ஐஓடிரேஸ். ப்ரோப், ரீசெட், சஸ்பெண்ட், ரெஸ்யூம், அன்பைண்ட் ஒரு சுற்று. டைம்ஸ்டாம்ப் நெடுவரிசையை வெட்டிவிட்டுப் பழையதையும் புதியதையும் டிஃப் செய்யுங்கள். போல் லூப்பின் படிப்புகள் எண்ணிக்கை மாறும், அதை மன்னிக்கலாம். எழுத்துகளின் வரிசை ஒரு வரி மாறினாலும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

#18 குட்டிக்கர்னல்

தாளில் எழுதிப் பார்த்தாச்சு. ஐந்தில் மூன்றுதான் உண்மையில் ஒன்று. நான்காவது ஐஆர்க்யூ ஹேண்ட்லரில் இருந்து கூப்பிடப்படுது, அட்டாமிக் வகை. ஐந்தாவதில் யூடிலே முதலில் வருது, டேட்டாஷீட்டில் ‘கமாண்டுக்குப் பிறகு 4 மைக்ரோசெகண்ட் வரை ரெடி செல்லாது’ என்று இருக்கு. அது தனியாகவே இருக்கும், கமென்ட்டோடு. குறையும் என்று நினைத்த 400 வரி 150 ஆகிவிட்டது.

பேட்ச் வரிசை: 1. ஹெல்ப்பர்களை மாற்றாமல் காமன் ஃபைலுக்கு நகர்த்துவது. 2. மூன்று பிரதியை ஒன்றாக்குவது. 3. மேக்ரோவுக்கு மாற்றுவது. 4. மைனஸ் மைனஸ் பக் ஃபிக்ஸ். 5. ஸ்டேட்டஸ் அழிக்கும் தனி ஹெல்ப்பர். 6. ரீசெட்டில் உள்ள படிப்புக்குக் கமென்ட்.

#19 நள்ளிரவு_பில்டு

4-ஐ 1-க்கு முன்னாடி கொண்டுபோங்கள், பழைய ஃபைலிலேயே, பழைய லூப்பிலேயே இரண்டு எழுத்து மாற்றமாக. ஸ்டேபிள் மரத்துக்குப் (வெளியான கர்னல்களுக்கு ஃபிக்ஸ் போகும் கிளை) போக வேண்டியது அது ஒன்றுதான். நகர்த்தலுக்குப் பின்னால் வைத்தால் அதை பேக்போர்ட் செய்ய (பழைய கர்னலுக்குக் கொண்டுபோக) 1, 2, 3 எல்லாவற்றையும் இழுக்க வேண்டும்.

ஒவ்வொரு பேட்ச்சிலும் தனியாக பில்டு ஆகிறதா என்று கிட் ரீபேஸ் எக்ஸெக்கில் ஓட்டிவிடுங்கள், பைசெக்ட் செய்பவர் (பக் எந்தப் பேட்ச்சில் வந்தது என்று பாதிபாதியாகத் தேடுபவர்) நடுவில் மாட்டக்கூடாது. உங்களிடம் இல்லாத தலைமுறைச் சிப்புக்கு ‘கம்பைல் மட்டுமே சோதித்தது’ என்று எழுதுங்கள்.

#20 டிஎம்ஏ_தாத்தா

6-ஐயும் 1-க்கு முன்னாடி வையுங்கள். நகர்த்தும் பேட்ச்சை ரிவ்யூ செய்பவரே அந்தப் படிப்பை நீக்கச் சொல்லுவார்.